மந்திரக்கல் சுவருக்கு அந்தப் பக்கம்

பதினோரு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயரை அன்று காலை அவரே உச்சரித்தார். அடுப்புக்குப் பக்கத்தில் மூன்று தலையணைகளை முட்டுக்கொடுத்து அவரை உட்கார வைத்திருந்தேன். படுத்தால் மூச்சு முட்டியது. நான் வெண்ணெய்த் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஸ்தோப்தன வரச் சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர்.

கிண்ணம் நிறைந்து வழிந்து என் கையைச் சுட்டது. காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று பார்க்க, யாரை என்று கேட்டேன். துண்டுப் என்கிற அந்த மனுஷனுக்குச் சாகக் கிடக்கும்போதும் எரிச்சல் குறையவில்லை. ஊரில் எத்தனை ஸ்தோப்தன் இருக்கிறான், உன் மகனைத்தான் என்றார். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்து ஒவ்வொரு சொல்லாக வெளியே தள்ளினார்.

"அன்னிக்கு நான் சொன்னத நான்தான் எடுக்கணும். அவன் காதுல போட்டத அவன் காதுலதான் எடுக்க முடியும். எடுக்காமப் போனா அது என் கூடவே வரும், குன்சேஸ்."

அவர் சொன்னது என்ன என்று மார்லிங் கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். ஸ்தோப்தன் எங்களுக்கு ஒரே பிள்ளை. பத்தொன்பது வயதில் அவனுக்குப் பெண் பார்த்து, சம்பந்தி வீட்டாருக்கு வெள்ளைத் துண்டு போட்டு, ஆறு பானை பார்லிக் கள்ளைப் புளிக்க வைத்தோம். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பையன் மலைமேல் இருக்கும் மடத்துக்கு ஏறிப்போய்த் தலையை மழித்துக்கொண்டான். மறுநாள் சிவப்பு அங்கியோடு ஆசி வாங்க வந்து வாசலில் நின்றான். இவர் நிலைப்படியில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார். வீட்டுத் தெய்வத்தைச் சாட்சிக்கு அழைத்து, இந்தக் கட்டை மேல் சத்தியம், நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் நீ இதைத் தாண்டக் கூடாது என்றார். அவன் குனிந்து வணங்கிவிட்டுத் திரும்பி நடந்தான்.

அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். ஒருத்தர் சொன்னதை மாற்ற மாட்டார், இன்னொருத்தன் கேட்டதை மீற மாட்டான். நடுவில் நான் அரைபட்டேன். வருடத்துக்கு ஒரு முறை மடத்துத் திருவிழாவுக்குப் போவேன். முகமூடி ஆட்டம் நடக்கும்போது கூட்டத்துக்கு இந்தப் பக்கம் நின்று அவனைப் பார்ப்பேன், உடம்பு நன்றாக இருக்கிறதா என்று நாலு வார்த்தை பேசுவேன். திரும்பி வந்தால் எங்கே போனாய் என்று இவர் கேட்கவே மாட்டார். கேட்காமல் இருப்பதுதான் அவர் எனக்குக் கொடுத்த அனுமதி.

கடைசி மூச்சில் மனதில் என்ன இருக்கிறதோ அதுதான் அடுத்த பிறவிக்கு வழி காட்டும் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த நம்பிக்கை. பெற்ற மகனை வாசலில் நிறுத்திய சத்தியத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் போனால் எங்கே போய்ப் பிறப்பான்? ஐந்து நாளைக்கு முன் வைத்தியர் வந்து நாடி பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார். அந்த வருடம் முதல் பனி முந்திக்கொண்டு கணவாயை அடைத்துவிட்டது, பெரிய ஆஸ்பத்திரி கணவாய்க்கு அந்தப் பக்கம். காலில் வலுவுள்ள ஆண்கள் எல்லாரும் சாலை வேலைக்கும் பட்டாளத்துக்குச் சுமை தூக்கவும் போயிருந்தார்கள். நான்தான் போக வேண்டும்.

பக்கத்து வீட்டு பல்கித்தைக் கூப்பிட்டேன். எங்கள் குலதெய்வத்தையே கும்பிடும் வீடு அவளுடையது, வாழ்வு சாவு எல்லாவற்றுக்கும் எங்களுக்குப் பாத்தியப்பட்டவள். முட்டி வீங்கியவள் பாறையைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தாள். அவரைத் தூங்க விடாதே, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரு என்றேன்.

"நீ போ. சண்ட போட்டாவது அவர முழிச்சிருக்க வைக்கிறேன். உன் வீட்டுக்காரருக்கு என்னத் திட்டறதுன்னா நாலு நாள் ஆயுசு கூடும்" என்றாள் பல்கித்.

சூரியன் எதிர் மலையின் உச்சியைத் தொடும்போது புறப்பட்டேன். ஊருக்குக் கீழே பாலத்தடியில், ஓடைத் தண்ணீரில் சுற்றும் ரப்கியாஸின் திரிகை இருக்கிறது. ஓடை உறைவதற்குள் கடைசிப் பார்லியை அரைத்துவிட வேண்டும் என்று அந்த ஆள் புருவமெல்லாம் மாவாக நின்றுகொண்டிருந்தான். எங்கே அக்கா இப்படிக் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு என்று கேட்டான். மடத்துக்குப் போகிறேன், மகனைக் கூட்டி வர என்றேன். இந்த வயதில், இந்தப் பனியில், தனியாகவா என்று இழுத்தான்.

"உன் வாய் ஓடற வேகத்துல உன் திரிகை ஓடினா ஊருக்கு மாவுப் பஞ்சமே வராது" என்று சொல்லிவிட்டுப் பாலத்தைத் தாண்டினேன்.

அவர் கூப்பிட்டார் என்று நான் சொல்லவில்லை. அந்த ஓட்டைவாயிடம் வீட்டு விஷயத்தைச் சொன்னால் மாலைக்குள் மூன்று ஊர் சுற்றிவிடும் என்று நினைத்தேன். பதினோரு வருட வீம்பு அவருக்கு மட்டுமா இருந்தது? எனக்கும் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஏற்றம் எனக்குப் புதிதில்லை. ஆனால் பனி கணுக்காலுக்கு மேல் கிடந்தது, அதன் மேல் மூடுபனி இறங்கிப் பத்து அடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. நாற்பது அடி வைப்பேன், நிற்பேன், நெஞ்சு அடங்கியதும் இன்னொரு நாற்பது. நிற்கும்போதெல்லாம் அவர் மூச்சு இழுக்கும் சத்தம் காதில் கேட்டது. இருங்கள், இருங்கள் என்று வழியெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டே போனேன். மந்திரம் சொல்ல வேண்டிய வாய் அன்று அதைத்தான் சொன்னது.

பாதி வழியில் மந்திரக்கல் சுவர். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம். நூற்றெட்டு மணி மாலையை நிதானமாக ஒரு முறை உருட்டி முடிக்கும் நீளம். எத்தனையோ தலைமுறை வைத்த கல், ஒவ்வொன்றிலும் ஒரே மந்திரம் செதுக்கியிருக்கும். செத்துப்போன என் அம்மாவுக்காக நாங்கள் வைத்த கல்லும் அதில் எங்கேயோ இருக்கிறது. சுவர் எப்போதும் நமக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். ஏறினாலும் வலப்பக்கம், இறங்கினாலும் வலப்பக்கம். அதனால் ஏறுகிற பாதை ஒரு பக்கம், இறங்குகிற பாதை மறு பக்கம். நடக்கப் பழகும் குழந்தைகூட அந்த இடத்தில் பக்கம் தவறாது.

நான் ஏறும் பக்கமாகப் போனேன். நடுவாந்திரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இருமல் சத்தம் வந்தது. மேய்ச்சலில் விட்ட மலைமாடு பனியில் இப்படித்தான் நெஞ்சு கட்டி இருமும். எனக்கு இருந்த பதைப்பில் அதன் மேலும் எரிச்சல் வந்தது. எவன் மாடோ பனியில் விட்டுவிட்டு அடுப்பண்டை உட்கார்ந்திருக்கிறான், அவன் விளங்குவானா என்று உரக்கவே திட்டினேன். இருமல் கீழ்ப்பக்கமாகப் போய்த் தேய்ந்தது. நான் மேலே ஏறினேன்.

மடத்தின் படிகளை ஏறி முடிக்கும்போது உச்சிப்பொழுது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. சமையல் பார்க்கும் பெரியவர் தார்கியாஸ் லாமா என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். சிவப்பு அங்கி போட்டுவிட்டால் பெற்றவளும் மரியாதை வைத்துத்தான் பேச வேண்டும். ஓட்சர் லாமாவைப் பார்க்க வேண்டும், வீட்டுக்கு அழைத்துப் போக வந்தேன் என்றேன். ஓட்சர் என்பது மடத்தில் அவனுக்கு வைத்த பெயர்.

"நீங்க எங்கம்மா இங்க வந்து நிக்கறீங்க? அவர் விடிஞ்சும் விடியாமலும் இறங்கிட்டாரே. வழியில பாக்கலயா?"

முந்தின நாள் மாவு கொண்டு வந்தவன் துண்டுப்புக்குக் கடைசி காலம் என்று சொல்லியிருக்கிறான். தலைமை லாமாவிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு ஸ்தோப்தன் தானாகவே கிளம்பிவிட்டான். பத்து நாளாக நெஞ்சு இருமல், பனியில் போக வேண்டாம் என்று தார்கியாஸ் லாமா தடுத்துப் பார்த்திருக்கிறார். உள்ளே போகத்தான் எனக்கு வழியில்லை, வாசலுக்கு வெளியே நின்றாவது அப்பாவுக்கு ஓதுகிறேன் என்றானாம்.

மார்லிங்குக்கும் மடத்துக்கும் இருப்பது ஒரே பாதை. ஒரே பாதையில் எதிரும் புதிருமாக வந்தவர்கள் எப்படி ஒருவரை ஒருவர் பார்க்காமல் போக முடியும்? பாதை இரண்டாகப் பிரிவது ஓர் இடத்தில்தான். அந்த இருமல் ஞாபகம் வந்தது. என் பிள்ளையைத்தான் மாடு என்று திட்டியிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாள் கழித்துச் சிரித்தேன்.

ஏன் சிரிக்க மாட்டேன்? இந்நேரம் அவன் வாசலில் நிற்பான். இவர் அடுப்படியிலிருந்து பார்த்திருப்பார், சொன்னதை எடுத்துக்கொண்டிருப்பார், எல்லாம் முடிந்திருக்கும். தார்கியாஸ் லாமா உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். இரண்டு கிண்ணம் குடித்தேன். வறுத்த மாவு பிசைந்து கொடுத்தார், அதையும் நிதானமாகச் சாப்பிட்டேன். பகவான் சந்நிதியில் ஒரு விளக்கும் ஏற்றினேன். அந்தத் தேநீர் இன்றைக்கும் என் நெஞ்சில் நிற்கிறது.

இறங்கும்போது காற்று கீழேயிருந்து மேலே வீசியது. மூடுபனி கலைந்து கலைந்து மூடியது. வாய்க்குள் அறுவடைப் பாட்டுக்கூட முனகினேன். சுவரின் மேல் முனைக்கு வந்து, வழக்கம்போல் சுவரை வலப்பக்கம் வைத்து இறங்க ஆரம்பித்தேன். பாதி தூரம் போயிருப்பேன். அந்தப் பக்கம் இருமல் கேட்டது.

இந்த முறை நிஜமாகவே மாடுதான் என்று இரண்டு அடி எடுத்து வைத்தேன். அவன்தான் வீட்டில் இருக்கிறானே. மூன்றாவது அடி வைக்க முடியவில்லை. இருமலுக்குப் பின்னால் முணுமுணுவென்று மந்திரம் கேட்டது. இருமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"ஓட்சர் லாமா" என்று கூப்பிட்டேன். காற்று என் குரலைப் பிடுங்கி எனக்குப் பின்னால் வீசியது. ஸ்தோப்தன் என்று கத்தினேன். சத்தம் நிற்கவில்லை. இருமல் இப்போது எனக்கு நேராக இருந்தது, கல்லுக்கு அந்தப் பக்கம், ஒரு கை நீளம்கூட இருக்காது. அவனுக்கு முப்பது வயது, வேகமாக ஏறுகிறவன். நான் திரும்பி மேல் முனைக்கு ஓடினால் அவன் எனக்கு முன்னால் சுவரைத் தாண்டிப் பனிக்குள் போய்விடுவான். மடம் வரை ஏறி, நான் இல்லை என்று கேட்டு, மறுபடியும் இறங்குவான். அதற்குள் வீட்டில் ஒரு மூச்சு நின்றுவிடும்.

நான் சுவரில் ஏறினேன்.

அது எப்படிப்பட்ட காரியம் என்று எனக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கல்லில் துணி உலர்த்த மாட்டோம், அதன் நிழலில்கூடக் கால் நீட்டி உட்கார மாட்டோம். சாணி மிதித்த செருப்புக் காலை மந்திரத்தின் மேல் வைத்தேன். கழற்றி வைக்க நேரமில்லை. எழுத்தின் பள்ளத்தில் விரல் கொடுத்துத் தொற்றினேன். ஒரு கல் பெயர்ந்து என் முட்டியைக் கிழித்துக்கொண்டு விழுந்தது. அது என் அம்மாவுக்கு வைத்த கல்லாக இருக்கலாம். உச்சியில் இரண்டு காலையும் ஊன்றி நின்றேன். கீழே, பத்து அடி தள்ளி, சிவப்பு அங்கி போய்க்கொண்டிருந்தது.

"டேய், நில்லுடா."

திரும்பினான். தலையெல்லாம் பனி. நான் நிற்கும் இடத்தைப் பார்த்து அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, கீழ இறங்குங்க. எது மேல நிக்கறீங்க தெரியுதா?"

"தெரியுது. நீ எதுக்குடா மேல போற?"

ஓடி வந்த அவன் காலடியில்தான் சரிந்து விழுந்தேன், கூடவே ஐந்தாறு கல்லும். மூச்சு வாங்க அவன் சொன்னதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாலம் வரை போயிருக்கிறான். ஊர் கண்ணுக்குத் தெரிகிறது. ரப்கியாஸ் தடுத்து நிறுத்தி, உங்கள் அம்மா உங்களைக் கூட்டி வர மடத்துக்குப் போயிருக்கிறாள், இந்தப் பனியில் தனியாக என்று சொல்லியிருக்கிறான். நான் என் இஷ்டத்துக்குத்தான் வந்தேன் என்று இவன் நினைத்துக்கொண்டான். அம்மா பக்கத்தில் இல்லாமல் அப்பா கண்ணில் பட்டால் கோபம்தான் கிளம்பும், கோபத்தோடு அவர் போகக் கூடாது, அம்மாவைக் கண்டுபிடித்துச் சேர்ந்து போகலாம் என்று திரும்பிவிட்டான். காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ திட்டுவது கேட்டதாம். உங்கள் குரல் மாதிரியே இருந்தது, உங்களையே நினைத்துக்கொண்டு வந்ததால் பிரமை என்று விட்டுவிட்டேன் என்றான்.

"அவரேதான்டா கூப்பிட்டார். சொன்னத எடுத்துக்கறேன்னார். உன் பேரச் சொன்னார்" என்றேன்.

அவன் கண்ணில் தண்ணீர் முட்டியது. பிறகு என்ன செய்தான் தெரியுமா? குனிந்து, நான் தள்ளிய கல்லை ஒவ்வொன்றாக எடுத்து நெற்றியில் ஒற்றிச் சுவரில் திருப்பி வைக்க ஆரம்பித்தான். பதினோரு வருடத்தில் ஊறிப்போன பழக்கம், கை தானாகச் செய்தது. நான் அந்தக் கையில் அடித்தேன்.

"கல்லு இங்கயேதான் இருக்கும். அவர் இருக்க மாட்டார்."

நாங்கள் நின்றது ஏறும் பக்கம். முறைப்படி இறங்குவதென்றால் மேல் முனை வரை ஏறிச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அவன் மேலே பார்த்தான். நான் அவன் அங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டு தப்பான பக்கமாகவே இறங்கினேன். சுவர் முடியும் வரை அவன் தலையைத் தூக்கவில்லை. அதற்கப்புறம் அவன்தான் என்னை இழுத்துக்கொண்டு ஓடினான். நான் விழுந்தேன், எழுந்தேன். ஒரு சரிவில் என்னை முதுகில் தூக்கிக்கொண்டான். அவன் இருமுவது என் நெஞ்சில் இடித்தது.

பொழுது சாயும் நேரத்துக்கு வீடு வந்தோம். பல்கித் வாசலிலேயே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும், இருக்காரா என்று கேட்டேன்.

"இருக்கார். ஆனா பேச்சு நின்னு போச்சு. உச்சிப்பொழுது வரைக்கும், வந்துட்டானா, வந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே இருந்தார். அப்புறம் தொண்ட அடைச்சிருச்சு. கண்ணு மட்டும் வாசலையே பாக்குது."

உச்சிப்பொழுதில் நான் மடத்தில் இரண்டாவது கிண்ணம் குடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வாசலில் நின்றால் அடுப்படி நேராகத் தெரியும். தலையணையில் சாய்ந்தபடி இவர் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் சிவப்பு அங்கி தெரிந்ததும் அந்தக் கண் பெரிதானது. உதடு பிரிந்தது. கரகரவென்று ஒரு சத்தம் வந்ததே தவிரச் சொல் வரவில்லை. இன்னொரு முறை முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. வரவில்லை.

ஸ்தோப்தன் நிலைப்படிக்கு முன்னால் பனியில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். உள்ளே வா என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினான்.

"அவர் வாயால சொல்லட்டும்மா. சாமி சாட்சியா பண்ணின சத்தியம். நான் தாண்டினா பொய்யாகறது அவர் வாக்கு. அந்தப் பாவத்தையும் தலையில கட்டி அவர அனுப்பச் சொல்றீங்களா?"

"அவரால பேச முடியலடா."

"அப்ப நான் இங்கயே இருக்கேன்."

இவரை வாசலுக்குத் தூக்கி வந்துவிடலாம் என்று நானும் பல்கித்தும் தோளுக்கடியில் கை கொடுத்தோம். ஒரு சாண் நகர்த்துவதற்குள் உதடு நீலமாகிவிட்டது. அப்படியே திரும்பச் சாய்த்தோம். பன்னிரண்டு அடி தூரம். அந்தப் பக்கம் ஒருத்தர் சொல்ல முடியாமல் கிடக்கிறார், இந்தப் பக்கம் ஒருத்தன் கேட்டால்தான் வருவேன் என்று உட்கார்ந்திருக்கிறான். நாள் முழுக்க மலையில் எனக்கு நடந்தது என் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது.

விறகுக் கொட்டத்துக்குப் போய்க் கோடாரியை எடுத்து வந்தேன்.

அந்த நிலைப்படி சாதாரணக் கட்டை இல்லை. எங்கள் பக்கம் மரம் ஏது? இவருடைய பாட்டனார் காலத்தில் ஆறு நாள் தூரத்திலிருந்து குதிரை மேல் வந்த தேவதாரு. முதல் வெட்டில் கோடாரி எகிறிக்கொண்டு திரும்பியது. பல்கித் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா, என்ன செய்கிறீர்கள் என்றான் ஸ்தோப்தன்.

"இந்தக் கட்ட மேலதான அடிச்சுச் சத்தியம் பண்ணினார். கட்ட இருந்தாத்தான தாண்டறதும் தாண்டாததும்" என்றேன்.

காலையில் மந்திரத்துக்கு மரியாதை கொடுத்து நடந்ததில் என் மகனைத் தவறவிட்டேன். மத்தியானம் அதை மிதித்ததில் அவனைப் பிடித்தேன். சாயங்காலம் எனக்கு எந்தப் பயமும் மிச்சமில்லை. அழுதுகொண்டேதான் வெட்டினேன். சிராய் என் முகத்தில் தெறித்தது. எத்தனை வெட்டு என்று எண்ணவில்லை. ஒரு முனை பிளந்தது, மறு முனை சுவரை விட்டு வருவேனா என்றது. அப்போது வெளியிலிருந்து இரண்டு கை வந்து கட்டையைப் பிடித்தன. அவன் காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தான். மண்ணும் கல்லுமாகக் கட்டை பெயர்ந்து வந்து பனியில் விழுந்தது.

வெறும் தரை. அதன் மேல் நடந்து என் மகன் உள்ளே வந்தான்.

அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காதில் வாய் வைத்தான். ஓதினானா, வேறு ஏதாவது சொன்னானா, எனக்குக் கேட்கவில்லை. இவர் கை கம்பளியின் மேல் ஊர்ந்து வந்து அவன் அங்கியின் ஓரத்தைப் பிடித்தது. ஒரு கிண்ணம் தேநீர் ஆறும் நேரம்தான். ஒரு மூச்சு வந்தது, அடுத்தது தாமதமாக வந்தது, அதற்கடுத்தது வரவில்லை.

பிடித்த பிடியை எங்களால் விரிக்க முடியவில்லை. கடைசியில் ஸ்தோப்தனே கத்தரிக்கோல் கேட்டு வாங்கி அங்கியின் அந்த முனையை வெட்டினான். சிவப்புத் துண்டு அவர் கையிலேயே இருந்தது, அவரோடு எரிந்தது.

பல்கித் பொய் சொல்லத் தெரியாதவள். காலையிலிருந்து கைக்குக் கிடைத்ததையெல்லாம் இப்படித்தான் பிடித்தார், என் சால்வையைக்கூடப் பிடித்தார் என்று சொன்னாள். போகிற உயிர் எதையும் பிடிக்கும், அதற்கெல்லாம் அர்த்தம் கிடையாது என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். அவர் சொன்னதை எடுத்துக்கொண்டுதான் போனாரா என்று எனக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி நான் யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை. ஒரு வார்த்தை பாலத்தில் சொல்லியிருந்தால் என் மகன் அவர் வாயாலேயே கேட்டிருப்பான். இது என் நெஞ்சை அரித்துக்கொண்டே இருக்கிறது.

சுவரை மிதித்ததற்குப் பரிகாரமாக ஆயிரம் முறை தரையில் விழுந்து வணங்கச் சொன்னார்கள், வணங்கினேன். வசந்தத்தில் போய்க் கல்லையெல்லாம் எடுத்து ஒழுங்காக அடுக்கினேன். தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லச் சொன்னார்கள். அதை மட்டும் சொல்லவில்லை.

புது நிலைப்படி வைத்துத் தருகிறேன் என்று ரப்கியாஸ் இரண்டு முறை வந்து கேட்டான். வேண்டாம் என்றேன். வாசலுக்கு ஒரு கம்பளியைத் தொங்கவிட்டிருக்கிறேன், அதற்கடியில் பனி உள்ளே வருகிறது, காலையில் கூட்டித் தள்ளுகிறேன். ஸ்தோப்தன் மாதம் ஒரு முறை இறங்கி வருகிறான். கம்பளியை விலக்கியதும் கொஞ்சம் நின்று, இல்லாத கட்டைக்குக் காலை உயரத் தூக்கி வைத்துத்தான் உள்ளே வருகிறான். நான் பார்க்காத மாதிரி அடுப்பை ஊதிக்கொண்டிருப்பேன்.